படம் போட்டால் ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. யாரை நம்புறது?

கேள்வி, 2024 டிசம்பர் 6

கடலூர்ங்க. பெண்ணையாத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வந்து, வடிஞ்சு, இப்ப சேறு வாரிக்கிட்டு இருக்கோம். நேத்து ராத்திரி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி ஒரு பாம்பு. கறுத்த உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டை, ஒன்றரை அடி இருக்கும். படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவுல போட்டேன், ஃபேஸ்புக்ல ஒரு பாம்புக் குழுவுலயும் போட்டேன். ஒருத்தர் கட்டுவிரியன்னு அடிச்சுச் சொல்றார். இன்னொருத்தர் வெள்ளிக்கோல் வரையன், விஷமே இல்ல, கையில தூக்கிப் போடுங்கன்றார். போன் செயலி ஏதோ அமெரிக்கப் பாம்பு பேரைக் காட்டுது. யாரை நம்புறது?

பதில், டிசம்பர் 6, இரவு

தம்பி, பாம்பு இப்போது எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் என்றால் அந்த அறைக் கதவைச் சாத்தி, அடியில் சாக்கு வைத்து அடைத்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்கள். பேர் உறுதியாகும்வரை அது கட்டுவிரியன்தான். யாரும் தரையில் படுக்க வேண்டாம். கொசுவலை இருந்தால் நான்கு பக்கமும் கட்டிலில் விரித்த பாய்க்கடியில் செருகிவிடுங்கள்.

"கையில தூக்கிப் போடுங்க" என்றவர் சொன்ன பேர் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அப்படி எழுதுகிற ஆளை எந்தக் குழுவிலும் வைத்திருக்கக் கூடாது.

டிசம்பர் 7

ரெண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லியிருந்தேன்: எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பதில் வந்திருக்கிறது. கட்டுவிரியன் என்றவர் "இருபத்தைந்து வருஷ அனுபவம்" என்கிறார். வரையன் என்றவர் கழுத்தருகே இருக்கும் வெளிறிய பட்டையை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆளை எனக்குத் தெரியாது. ஆனால் வட்டம் போட்டவர் சொன்னதை நானே போய்ப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல முடியும். அனுபவத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

இந்த இரண்டு பாம்பையும் பிரிக்கப் பார்க்க வேண்டியவை:

கட்டுவிரியனில் பட்டைகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். வளர்ந்த பாம்பில் தலையை ஒட்டிப் பட்டை இருக்காது. கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும், வால் பக்கம் போகப் போகத் தெளியும். வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ். முன்பக்கம் பட்டை பளிச்சென்று இருக்கும், பின்னால் போகப் போக மங்கிக் காணாமலே போகும். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கட்டுவிரியன் குட்டியில் பட்டை தலைக்கருகிலேயே தொடங்கிவிடும், சில பெரிய பாம்புகளில் பட்டையே அழிந்திருக்கும்.

அதனால் முதுகைப் பாருங்கள். கட்டுவிரியனின் நடுமுதுகு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோணமாக இருக்கும். வரையனில் முதுகு முழுக்க ஒரே அளவுச் செதில். மேலிருந்து எடுத்த தெளிவான ஒரு படம் போதும், வாதம் முடிந்துவிடும். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் தெளிவாகத் தெரிவது துவைக்கிற கல் மட்டும்தான்.

டிசம்பர் 8

தீயணைப்பு வீரர் குழாயில் விட்டு எடுத்துப் போகும்போது எடுத்த படம் வந்தது. நல்ல படம். நடுமுதுகில் பெரிய செதில் இல்லை. பட்டை முன்னால் அகலம், பாதி உடம்புக்குப் பின் மங்கல். பக்கவாட்டில், மூக்குச் செதிலுக்கும் கண்ணுக்கு முன் இருக்கும் செதிலுக்கும் நடுவே தனியாக ஒரு சின்னச் செதில் இருக்கிறது. கட்டுவிரியனில் அந்தச் செதில் கிடையாது. ஆக வெள்ளிக்கோல் வரையன், லைக்கோடான் ஆலிகஸ். பல்லி தின்ன வந்திருக்கும்.

பிற்பகல் சேர்க்கை: "சுவரில் ஏறியது, அதனால் வரையன்" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். வரையன் சுவரேறுவதில் கெட்டிக்காரன், உண்மை. அதற்காகக் கட்டுவிரியன் தரையை விட்டு எழும்பாது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிலில் ஏறிக் கடித்ததெல்லாம் உண்டு. நடத்தை துணைச் சாட்சி. செதில்தான் முதல் சாட்சி.

டிசம்பர் 9

இதைத் தனியாகவே எழுதுகிறேன், மேலே புதைந்துவிடக் கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் படம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 108 அல்லது கிடைக்கிற வண்டி, நேரே அரசு மருத்துவமனை. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது, கொசு கடித்த அடையாளம்கூடத் தெரியாது. நம் ஊரில் கொடுக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. மருத்துவர் அறிகுறியையும் ரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்துத்தான் ஊசி போடுவார். நீங்கள் பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, பேரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கியது. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவர்கள் இருளர்கள்தான். நம் மாவட்டத்திலும் இருளர் குடியிருப்புகள் உண்டு. மண்ணில் இருக்கும் தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு என்று சொல்லும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். எதை வைத்து என்று அவரிடமும் கேட்டேன். குந்தி உட்கார்ந்து விரலால் தடத்தின் வளைவைத் தொட்டுக் காட்டினார். உடம்பு எங்கே மண்ணைத் தள்ளியிருக்கிறது, எங்கே தொடாமல் போயிருக்கிறது என்று. வட்டம் போட்டுக் காட்டிய ஆளும் அவரும் ஒரே ரகம்.

டிசம்பர் 15

செயலி ஏன் அமெரிக்கப் பாம்பைக் காட்டியது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திரும்ப இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் எடுத்த இடமும் நேரமும் படத்திலிருந்து உதிர்ந்துவிடும். கடலூர் என்று தெரியாத செயலி, உலகத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் பாம்பை எல்லாம் வரிசையில் நிறுத்தும். மூலப் படத்தை ஏற்றுங்கள், இடத்தைக் கையால் குறித்துக்கொடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் என்று, உயிரினப் படங்களைப் போட்டுப் பேர் கேட்கும் தளம் ஒன்று உண்டு. அதில் 'அருகில் எதிர்பார்க்கப்படுபவை' மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது.

செயலியைத் திட்டுபவர்கள் நிறைய. நான் திட்டமாட்டேன். வண்ணத்துப்பூச்சி, பொதுவான பறவை, பூ என்றால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது. சிலந்தி, அந்துப்பூச்சி, ஈ என்று வந்தால் அது இனம்வரை நீட்டிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் பலவற்றை உருப்பெருக்கியில் வைத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்காமல் பிரிக்கவே முடியாது. படத்தில் பதிலே இல்லாதபோது எத்தனை பேர் பார்த்தும் பயனில்லை.

டிசம்பர் 22

முன்பே சொல்லியிருக்க வேண்டியது. ஐநேச்சுரலிஸ்டில் ஒருவர் வந்து பேர் சொன்னதும் பதிவு போட்டவர் உடனே 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்கிவிடுகிறார். நன்றி சொல்வதாக நினைப்பு. அது நன்றி இல்லை, வாக்கு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு 'ஆய்வுத் தரம்' ஆகிவிடும். ரெண்டே பேர் என்றாலும் போதும். சொன்னவர் ஒருவர், தலையாட்டிய நீங்கள் ஒருவர், கதை முடிந்தது. உரிமம் ஒத்துவந்தால் அங்கிருந்து அது உலகத் தரவுத்தளமான ஜிபிஐஎஃப்புக்குப் போகும். நாளைக்கு யாரோ ஒரு ஆய்வாளர் வரைபடத்தில் கடலூரில் ஒரு புள்ளி வைப்பார்.

நன்றி சொல்லக் கருத்துப் பெட்டி இருக்கிறது. அங்கே "எதை வைத்துச் சொன்னீர்கள்?" என்றும் கேளுங்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்பவர் பேரை மனதில் குறித்துவையுங்கள்.

டிசம்பர் 23

"அப்ப நாங்க ஒப்புக்கொள்ளவே கூடாதா" என்று புதுச்சேரிக்காரர் ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். சொன்ன அடையாளத்தை உங்கள் படத்தில் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் தாராளமாக அமுக்குங்கள் அண்ணா.

2025 ஜனவரி 5

கொய்யா மரத்தில் 'நூலில் தொங்கும் முசுறு' (இலையைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு) என்று ஒரு வீடியோ வந்திருக்கிறது. இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான். முசுறு எப்போது நூல் விட்டது? எட்டுக் காலையும் எண்ணிப் பாருங்கள். அது முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி, மிர்மாப்லாட்டா பிளாட்டலியாய்டிஸ். முன்னங்கால் இரண்டைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும், அதனால் ஆறு கால் மாதிரித் தெரியும். இடுப்பு ஒடுக்கம்கூட அச்சு அசல். ஆனால் முகத்துக்கு நேரே பிடித்தால் குட்டு உடைந்துவிடும்: நடுவில் ரெண்டு பெரிய கண், கார் முன்விளக்கு போல. முசுறுக்கு அப்படிக் கண் கிடையாது.

ஆண் சிலந்தி இன்னும் கூத்து. தாடை முன்னால் அவ்வளவு நீளம். ஒரு முசுறு இன்னொரு முசுறைக் கவ்விக்கொண்டு போவது போலவே இருக்கும். இதைச் செயலியே சில தடவை முசுறு என்று சொல்லிவிடும். நூலைப் பார்த்துச் சந்தேகப்பட்ட உங்கள் வீட்டம்மாவுக்குத்தான் பாராட்டு.

ஜனவரி 12

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது, ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பேர் காட்டும். அதை அப்படியே ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தின் பட்டியலில் ஏற்றாதீர்கள். எங்கள் தெருவில் கரண்டுக் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்து வல்லூறு போலவே கத்தும். மெர்லின் வல்லூறு என்று காட்டும். அதன்மேல் தப்புச் சொல்ல முடியாது, காதால் கேட்டால் மைனாக்களே நம்பிப் பறந்துவிடுகின்றன. தலை தூக்கிக் கம்பியைப் பார்த்தால் போதும்.

ஈபேர்டில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பதிந்தால் அந்தப் பகுதிச் சரிபார்ப்பாளர் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். போன வருஷம் ஒரு நண்பர் "என்னைச் சந்தேகப்படுறாங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் கேட்பதும் அதே கேள்விதானே: எதை வைத்துச் சொன்னீர்கள்?

ஜனவரி 26

கடலூர் துறைமுகத்தில் எடுத்த சுறாப் படம், "அழிந்துபோன பாண்டிச்சேரி சுறா கிடைத்துவிட்டது!" என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கே எத்தனையோ பேர் அனுப்பிவிட்டார்கள்.

பாண்டிச்சேரி சுறா உண்மையான மீன்தான். கார்கரைனஸ் ஹெமியோடான். 1839இல் முல்லர், ஹென்லே என்ற இருவர் விவரித்தது. அருங்காட்சியகங்களில் இருப்பதே இருபதுக்கும் குறைவு, உறுதியான கடைசிப் பதிவு 1979 என்றுதான் நூல்களில் இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. ஆகவே யாராவது உண்மையிலேயே பிடித்திருந்தால் கொண்டாடும் விஷயம் மட்டுமில்லை, சட்டச் சிக்கலும் கூட.

இந்தப் படத்தில் என்ன தெரிகிறது? ஒரு பக்கவாட்டு உடம்பு, துடுப்பு நுனியில் கறுப்பு. நுனி கறுத்த சுறாக்கள் நம் கடலில் பல உண்டு, குட்டிப் பருவத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வாய் மூடியிருக்கிறது, பல் தெரியவில்லை. இரண்டு முதுகுத்துடுப்புக்கும் நடுவில் மேடு ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை, ஏனென்றால் படம் எடுத்தவரின் நிழல் அங்கே விழுந்திருக்கிறது. மூக்கின் அடிப்பக்கம் இல்லை. அளவுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புகூட இல்லை. நான் எந்த இனம் என்று சொல்லாமல், அது சேரும் பெரிய குழுவை மட்டும் 'கார்கரைனஸ் பேரினம்' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். அதற்கே "உங்களுக்குப் பொறாமை" என்று ஒரு பதில் வந்தது. இருக்கட்டும்.

ஜனவரி 27

துறைமுகத்தில் மீன் பார்க்கிறவர்களுக்கு: ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். முடிந்தபின் ஏலக்காரரிடமோ அக்காக்களிடமோ கேட்டுவிட்டு, மேலே, பக்கம், தலையின் அடி, திறந்த வாய், இரண்டு முதுகுத்துடுப்பின் நடுப்பகுதி என்று எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயமோ அடிக்கோலோ. எந்த ஆழம், எந்த வலை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பால் சுறா, கொம்பன் சுறா என்று அவர்கள் சொல்லும் பேரையும் குறிப்பில் சேருங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நல்ல படத்தோடு போனால் பேசத் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

பிப்ரவரி 9

தேவனாம்பட்டினம் கரையில் நீலப் பொத்தான் ஒதுங்கியிருக்கிறது. வட்டத் தட்டு, சுற்றிலும் நீலக் குஞ்சம். போர்பிட்டா. பார்க்கச் சொறிமீன் மாதிரி இருந்தாலும் ஒரே உயிர் இல்லை, பல உயிர்கள் சேர்ந்த கூட்டம். தொட்டால் சிலருக்கு லேசாக அரிக்கும். ஆனால் அதே நாளில், அதே காற்றில், நீல பலூன் போலக் காற்றுப்பை வைத்த ஃபைசாலியாவும் ஒதுங்கலாம். அதன் இழை செத்துக் கிடந்தாலும் சுளீரென்று கொட்டும். குழந்தைகளை எடுத்து விளையாட விடாதீர்கள். இரண்டையும் தின்று, அவற்றின் கொட்டும் அணுக்களைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் நீல நத்தை ஒன்றும் இருக்கிறது, கிளாக்கஸ். மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. கண்டால் படம் மட்டும் எடுங்கள், முதலில் எனக்கு அனுப்புங்கள்.

பிப்ரவரி 16

ஒருவர் மண்ணுளிப் பாம்பு படத்தைத் தெரு பேரோடு, வரைபட இணைப்போடு போட்டிருந்தார். எடுக்கச் சொல்லிவிட்டேன். இரட்டைத்தலைப் பாம்பு, லட்சக்கணக்கில் விலை என்று ஏமாற்றும் கும்பலும் ஏமாறும் கும்பலும் இன்னும் நடமாடுகிறார்கள். நட்சத்திர ஆமைக்கும் இதே ஆபத்து. பங்குனி ஆமை முட்டையிட்ட குழி என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், குழுவில் போடாதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் ஆபத்தில் இருக்கும் பல இனங்களின் இடத்தைத் தானாகவே மறைத்துவிடும். ஃபேஸ்புக் மறைக்காது. பதிவில் இடம் மறைந்திருந்தாலும் பின்னணியில் உங்கள் ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தால் மறைத்து என்ன பயன்?

மார்ச் 2

தாழங்குடாவுக்கு வடக்கே மணல்மேட்டில் எடுத்த விசிறித்தொண்டை ஓணானை 'சிடானா பாண்டிசெரியானா' என்று பதிந்திருந்தேன். இன்று ஒருவர் வந்து 'சிடானா' என்று பேரினத்துக்குப் பின்னிழுத்துவிட்டார். எதை வைத்து என்று கேட்டேன். பதில் நீளம், ஆனால் நல்ல பதில்.

1829இல் குவியே நம் புதுச்சேரி ஓணானை வைத்துத்தான் இந்தப் பேர் கொடுத்தார். ரொம்ப காலம் மணலில் ஓடும் விசிறித்தொண்டை எல்லாவற்றுக்கும் இதே பேர்தான். 2016இல் மரபணு, உடலளவு எல்லாம் பார்த்துப் பேரினத்தையே பிரித்துவிட்டார்கள். சிடானா விசிரி, சிடானா மருதம்நெய்தல் எல்லாம் அந்த வருஷம் வந்தவை, தமிழ்நாட்டு மண்ணிலிருந்து. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இனம்வரை போகக் கூடாது, தொண்டை விசிறி எதுவரை நீள்கிறது, அதில் நிறம் எப்படி என்று தெரிய வேண்டும் என்கிறார். என் படத்தில் விசிறி மடங்கியிருக்கிறது. புதுச்சேரிக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு எது இருக்கப்போகிறது என்று எனக்கு இன்னும் உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆனால் 'பக்கத்தில்' என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. அவர் போட்டதை அப்படியே விட்டிருக்கிறேன்.

மார்ச் 4

கோடையில்தான் ஆண் ஓணான்கள் கல்லின் மேல், மணல்மேட்டின் மேல் ஏறி விசிறியை விரிக்கும். வெயில் ஏறினால்தான் வெளியே வரும், ஆகவே விடியற்காலையில் கிளம்பி வந்து என்னை எழுப்பாதீர்கள். ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஒன்பது மணிக்குமேல் தாழங்குடாப் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். தூரத்திலிருந்தே பக்கவாட்டில் எடுக்கிற அளவுக்கு ஜூம் உள்ள கேமரா வைத்திருப்பவர் வந்தால் நல்லது, என் போனில் அது ஒரு புள்ளிதான். தொப்பி, தண்ணீர் அவரவர் பொறுப்பு.